மேப்பிங்குக்குள் அரே: சொலிடிட்டி எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எதீரியம் என்ற பிளாக்செயினில் ஓடும் நிரல்களை எழுதும் மொழி சொலிடிட்டி. அதைப் படிக்க ஆரம்பித்த யாரும் சீக்கிரமே வந்து நிற்கிற இடம் இது. மேப்பிங் என்பது ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்கான மதிப்பைத் தரும் அட்டவணை. முகவரிக்கு ஓர் எண் என்ற மேப்பிங் கைக்கு வந்துவிட்டது. அடுத்து ஓர் எண் போதவில்லை, ஒரு பட்டியலே வேண்டும். சரி, மேப்பிங்குக்குள் அரே வைத்துவிடலாம். எழுதுவது ஒரே வரிதான். அது கம்பைல் ஆன பிறகுதான் கேள்விகள் வர ஆரம்பிக்கும்.

பெரும்பாலான பதில்களுக்கு ஒரே உதாரணம்: ஒரு வைப்புக் கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் ஓடும் நிரல்). யார் வேண்டுமானாலும் எதீரியத்தின் பணமான ஈதரைப் போடலாம். போட்ட தொகைகள் அவரவர் முகவரியின்கீழ் வரிசையாகச் சேரும்.

மேப்பிங்(அட்ரஸ் => யுஇன்ட்256[]) பப்ளிக் வைப்புகள்;

கோடைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பது வாசிக்க மட்டும். கம்பைலர் மாறியின் பெயரில்கூடத் தமிழை ஏற்காது; தட்டும்போது ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். பேசுவதெல்லாம் 0.8 வரிசைப் பதிப்புகளைப் பற்றி.

புதிதாக ஒருவர் வந்தால், அவருக்கு முதலில் காலி அரே உருவாக்க வேண்டாமா?

வேண்டாம். ஜாவாஸ்கிரிப்டிலிருந்து வருபவர்களின் முதல் சந்தேகம் இது. மேப்பிங்கில் எந்தச் சாவியைக் கேட்டாலும் அதற்கு ஒரு மதிப்பு ஏற்கெனவே இருப்பதாகத்தான் கணக்கு. எண் என்றால் 0, அரே என்றால் நீளம் 0. ஆகவே வைப்புகள்[எம்எஸ்ஜி.சென்டர்].புஷ்(எம்எஸ்ஜி.வேல்யூ) என்று நேராக எழுதிவிடலாம் (எம்எஸ்ஜி.சென்டர் அழைப்பவரின் முகவரி, எம்எஸ்ஜி.வேல்யூ அவர் அனுப்பும் தொகை, புஷ் என்றால் பட்டியலின் கடைசியில் சேர்ப்பது). முதல் முறை வருபவருக்கும் நூறாவது முறை வருபவருக்கும் அதே வரிதான்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. "இவர் வந்ததே இல்லை" என்பதும் "வந்தார், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்" என்பதும் கான்ட்ராக்ட்டுக்கு ஒன்றாகவே தெரியும். இரண்டுக்கும் நீளம் 0. வித்தியாசம் முக்கியம் என்றால் தனியாக ஒரு பூலியன் மேப்பிங் வைக்க வேண்டும். அப்புறம், காலி பட்டியலில் முதல் உறுப்பைத் தொட்டால் 0 வராது. டிரான்சாக்ஷனே ரிவர்ட் ஆகும், அதாவது ரத்தாகிவிடும். எரரில் பேனிக் எண் ஹெக்ஸ் 32 என்று பார்த்தால், வரம்புக்கு வெளியே இன்டெக்ஸ் போய்விட்டது என்று பொருள். காலி அரேயில் பாப் செய்தால் (கடைசி உறுப்பை எடுக்கப் பார்த்தால்) வருவது ஹெக்ஸ் 31.

பப்ளிக் என்று போட்டிருக்கிறேன். முகவரியைக் கொடுத்தால் முழுப் பட்டியல் ஏன் வரவில்லை?

கம்பைலர் தானாக எழுதித் தரும் கெட்டர் ஃபங்ஷன் இரண்டு உள்ளீடு கேட்கும்: முகவரி, இன்டெக்ஸ். திருப்பித் தருவது ஒரே ஓர் உறுப்பு. நீளத்தைக்கூடச் சொல்லாது. முழுப் பட்டியல் வேண்டுமானால் நீங்களே ஒரு வியூ ஃபங்ஷன் எழுதி யுஇன்ட்256[] மெமரி என்று திருப்பித் தர வேண்டும். உள்ளே ஒரே வரி: ரிட்டர்ன் வைப்புகள்[யார்]. பட்டியல் நீளும் என்று தெரிந்தால் "எங்கிருந்து, எத்தனை" என்று இரண்டு எண் வாங்கிப் பகுதி பகுதியாகத் தருவது நல்லது.

இன்னொரு சின்ன பொறி: மேப்பிங்கின் மதிப்பு ஸ்ட்ரக்ட்டாக (பல மாறிகளின் தொகுப்பாக) இருந்து அதற்குள் அரே இருந்தால், கெட்டர் அந்த அரேயைச் சொல்லாமல் விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் தரும். எரர் வராது.

இந்த அரே உண்மையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒவ்வொரு கான்ட்ராக்ட்டின் ஸ்டோரேஜும் 2-இன் 256-ஆம் அடுக்கு எண்ணிக்கையிலான ஸ்லாட்டுகள் கொண்ட ஒரு நீண்ட அலமாரி. ஒரு ஸ்லாட்டுக்கு 32 பைட். நம் மேப்பிங் முதல் மாறி என்பதால் அதற்கு ஸ்லாட் 0 ஒதுக்கப்படும். ஆனால் அந்த ஸ்லாட்டில் எதுவுமே எழுதப்படாது. இடம்பிடித்துப் போட்ட துண்டு மாதிரி சும்மா கிடக்கும்.

ஒரு முகவரியின் அரே எங்கே என்று கண்டுபிடிக்க, முகவரியை 32 பைட்டாக நிரப்பி, அதன் பின்னால் ஸ்லாட் எண்ணை 32 பைட்டாக ஒட்டி, மொத்தம் 64 பைட்டையும், எதைக் கொடுத்தாலும் 32 பைட் எண்ணாக மாற்றித் தரும் கெச்சக்-256 ஹாஷுக்குள் போட வேண்டும். வரும் எண்தான் அந்த முகவரிக்கான ஸ்லாட். அங்கே இருப்பது அரேயின் நீளம் மட்டும். உறுப்புகள் அங்கே இல்லை. அந்த ஸ்லாட் எண்ணையே மறுபடி ஹாஷ் செய்தால் கிடைக்கும் இடத்தில் முதல் உறுப்பு, அதற்கு அடுத்த ஸ்லாட்டில் இரண்டாவது, இப்படியே தொடரும்.

ஆக முதல் ஹாஷ் ஆளைக் காட்டும், இரண்டாவது ஹாஷ் அவருடைய பட்டியலைக் காட்டும். நீளம் மாறாத அரே, அதாவது யுஇன்ட்256[5] போன்றது என்றால் நீளத்தைச் சேமிக்கத் தேவையில்லை. முதல் ஹாஷ் காட்டும் இடத்திலேயே உறுப்புகள் ஆரம்பித்துவிடும்.

எந்த முகவரிகள் பயன்பாட்டில் இருக்கின்றன என்ற குறிப்பு இதில் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். சாவி ஹாஷுக்குள் கரைந்துபோய்விடுகிறது. மேப்பிங்கைச் சுற்றிவர முடியாது என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் பிரைவேட் என்று போட்டால் யாராலும் படிக்க முடியாது, இல்லையா?

படிக்கலாம். மேலே சொன்ன இரண்டு ஹாஷையும் தன் கணினியில் போட்டுப் பார்த்து, அந்த ஸ்லாட்டில் என்ன இருக்கிறது என்று பிளாக்செயினின் நகலை வைத்திருக்கும் ஏதாவது ஒரு நோடிடம் கேட்டால் போதும். பிரைவேட் என்பது மற்ற கான்ட்ராக்ட்டுகளுக்குப் போடும் பூட்டு, மனிதர்களுக்கு அல்ல.

ஒரு புஷ்ஷுக்கு எவ்வளவு கேஸ் ஆகும்?

கேஸ் என்பது ஒவ்வொரு செயலுக்கும் ஆகும் கட்டணத்தை அளக்கும் அலகு. எதீரியத்தில் 0-வாக இருந்த ஸ்லாட்டில் முதன்முதலாக எழுத 22,100 கேஸ். ஏற்கெனவே மதிப்பு இருக்கும் ஸ்லாட்டை மாற்ற 5,000. இரண்டுமே அந்த டிரான்சாக்ஷனில் அந்த ஸ்லாட்டை முதல் முறை தொடும்போது ஆகும் கணக்கு. 2021 ஏப்ரலில் வந்த பெர்லின் மேம்பாட்டிலிருந்து இந்த எண்கள் இருக்கின்றன.

ஒருவர் முதல் வைப்புப் போடும்போது நீள ஸ்லாட் 0-விலிருந்து 1 ஆகிறது, உறுப்பு ஸ்லாட்டும் புதிது. இரண்டு 22,100, ஆக 44,200. அடுத்த முறை நீளம் 1-லிருந்து 2, அதற்கு 5,000. உறுப்பு புதிது, 22,100. ஆக 27,100. எந்த டிரான்சாக்ஷனுக்கும் அடிப்படையாக ஆகும் 21,000 இதற்கு மேல்.

உறுப்பின் அளவைக் குறைத்தால் மிச்சம் பிடிக்கலாம். யுஇன்ட்128 என்றால் ஒரு ஸ்லாட்டில் இரண்டு அடங்கும். ஒன்றுவிட்டு ஒரு புஷ்ஷுக்குப் புது ஸ்லாட் தேவைப்படாது. யுஇன்ட்64 என்றால் நான்கு அடங்கும். ஆனால் ஈதர் தொகைக்கு யுஇன்ட்64 பக்கம் போகாதீர்கள். வெய் (ஈதரின் மிகச் சிறிய அலகு) கணக்கில் அதில் அடங்கும் அதிகபட்சம் 18.4 ஈதர் சொச்சம்தான். 19 ஈதரோடு ஒருவர் வந்து நின்றால் உங்கள் கதை கந்தல். நேரத்தைக் குறிக்க யுஇன்ட்64 தாராளம்.

அரேயை எடுத்து மாற்றினேன். ஃபங்ஷன் வெற்றிகரமாக முடிந்தது. ஆனால் எதுவும் மாறவில்லை. ஏன்?

மெமரி என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள், இருக்கும். யுஇன்ட்256[] மெமரி பட்டியல் = வைப்புகள்[யார்] என்று எழுதினால் முழு அரேயும் ஸ்லாட் ஸ்லாட்டாகப் படிக்கப்பட்டு மெமரிக்கு நகல் எடுக்கப்படும். நீங்கள் மாற்றியது நகலை. ஃபங்ஷன் முடிந்ததும் நகல் போச்சு. படித்ததற்கான கேஸ் மட்டும் செலவு.

மெமரி என்ற இடத்தில் ஸ்டோரேஜ் என்று மாற்றினால், பட்டியல் என்பது அசலைச் சுட்டும் பாயிண்டர் ஆகிவிடும். அதில் மாற்றினால் அசல் மாறும். புஷ், பாப் இரண்டும் வேலை செய்யும். மெமரி அரேயில் புஷ் கம்பைலே ஆகாது என்பதால் அங்கே தப்பு உடனே தெரிந்துவிடும். ஏமாற்றுவது பட்டியல்[0] = 7 மாதிரியான வரிதான்.

ஸ்டோரேஜ் பாயிண்டருக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. உறுப்பே ஓர் அரேயாகவோ ஸ்ட்ரக்ட்டாகவோ இருந்து, கடைசி உறுப்புக்கு ஒரு பாயிண்டர் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அரேயை பாப் செய்தால், பாயிண்டர் செத்த இடத்தையே சுட்டிக்கொண்டிருக்கும். அதில் எழுதினால் கம்பைலர் தடுக்காது. பிற்பாடு மதிப்பு எதுவும் கொடுக்காமல் புஷ்() செய்யும்போது, காலியாக இருக்க வேண்டிய உறுப்பு பழைய குப்பையோடு முளைக்கும்.

நடுவிலிருந்து ஓர் உறுப்பை நீக்குவது எப்படி?

டிலீட் போட்டால் நீங்காது. 5, 8, 3, 9 என்று இருக்கிறது. இன்டெக்ஸ் 1-ஐ டிலீட் செய்தால் 5, 0, 3, 9 ஆகும். நீளம் 4 அப்படியே. பல்லைப் பிடுங்கிய இடம் மாதிரி ஓட்டை விழும், அவ்வளவுதான்.

பின்னால் உள்ளவற்றை ஒவ்வொன்றாக முன்னே தள்ளலாம். வரிசை கலையாது. ஆனால் தள்ளும் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் 5,000 கேஸ். நூறு பேர் நிற்கும் வரிசையில் முதல் ஆளை எடுத்தால் கிட்டத்தட்ட 5 லட்சம். பத்துப் பன்னிரண்டு உறுப்புக்குச் சரி.

எல்லோரும் செய்வது வேறு: கடைசி உறுப்பைக் காலியாகும் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு பாப். 5, 9, 3 என்று ஆகிவிடும். வரிசை கலையும், பட்டியல் எவ்வளவு நீளம் என்றாலும் செலவு ஒன்றுதான்.

ஆனால் நீக்க வேண்டியது எந்த இன்டெக்ஸில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? லூப் போட்டுத் தேடினால் மிச்சம் பிடித்ததெல்லாம் தேடலில் போய்விடும். அதற்காகத்தான் கூடவே இன்னொரு மேப்பிங் வைத்துக்கொள்வது. உதாரணத்தைக் கொஞ்சம் மாற்றுகிறேன். ஒவ்வொரு முகவரியும் சில பேருக்கு அனுமதி கொடுக்கிறது என்று வையுங்கள். ஓர் அரேயில் அனுமதி பெற்றவர்கள்: முருகன், செல்வி, ஃபாத்திமா. இன்னொரு மேப்பிங்கில் அவர்களின் இடம்: முருகன் 1, செல்வி 2, ஃபாத்திமா 3. எண்ணிக்கை 0-வில் ஆரம்பிக்காமல் 1-இல் ஆரம்பிப்பதைப் பாருங்கள். மேப்பிங்கில் இல்லாத ஆளுக்கும் 0 தானே வரும். ஆகவே 0 என்றால் "பட்டியலில் இல்லை" என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

செல்வியை நீக்க வேண்டும். நான்கு வேலை: ஃபாத்திமாவை செல்வியின் இடத்தில் எழுதுவது, ஃபாத்திமாவின் இடம் 2 என்று மாற்றுவது, பாப், கடைசியாக செல்வியின் இடத்தை டிலீட் செய்வது. இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஏன் என்று காட்டுகிறேன்.

டிலீட்டை முதலில் எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். செல்வியை நீக்கும்போது எந்தப் பிரச்சினையும் தெரியாது. டெஸ்டும் பாஸ் ஆகும். இப்போது அதே கோடில், கடைசியில் இருக்கும் ஃபாத்திமாவையே நீக்கிப் பாருங்கள். முதலில் ஃபாத்திமாவின் இடம் 0 ஆகிறது. பிறகு "கடைசி ஆளின் இடத்தை நீக்கப்பட்டவரின் இடமாக மாற்று" என்ற வரி ஓடுகிறது. கடைசி ஆள் யார்? ஃபாத்திமாவேதான். மறுபடி 3 என்று எழுதப்படுகிறது. பாப் ஆனதும் அரேயில் ஃபாத்திமா இல்லை, இட மேப்பிங்கிலோ 3 என்று உட்கார்ந்திருக்கிறார். அனுமதி உண்டா என்று மேப்பிங்கைப் பார்த்துத் தீர்மானிக்கும் கான்ட்ராக்ட்டாக இருந்தால், நீக்கிய ஆள் இன்னும் உள்ளே. இந்தப் பிழையை நானே ஒருமுறை எழுதியிருக்கிறேன், நல்லவேளை டெஸ்ட்நெட் என்ற சோதனை வலையோடு போயிற்று. அதிலிருந்து நீக்கும் ஃபங்ஷன் எழுதினால் "கடைசி ஆளை நீக்கு", "ஒரே ஆள் இருக்கும்போது நீக்கு" என்ற இரண்டு டெஸ்டையும்தான் முதலில் எழுதுவேன்.

இதையெல்லாம் கையால் எழுதாமல், ஓப்பன்செப்பெலின் நூலகத்தின் எனுமரபிள்செட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் உள்ளே இருப்பதும் இதே அரே, இதே ஒன்று கூட்டிய இட மேப்பிங்தான்.

ஒருவரின் மொத்தப் பட்டியலையும் ஒரே வரியில் காலி செய்யலாமா?

டிலீட் வைப்புகள்[யார்] என்று எழுதலாம். வரி ஒன்றுதான்; பின்னால் கம்பைலர் ஒரு லூப் வைத்து ஒவ்வொரு ஸ்லாட்டையும் 0 ஆக்குகிறது. நீளத்துக்கு ஏற்ப கேஸ் ஏறும்.

இதில் மாட்டிய பழைய கதை ஒன்று உண்டு. 2016-இல் எதீரியத்தில் கவர்ன்மென்டல் என்று ஒரு விளையாட்டுக் கான்ட்ராக்ட் ஓடியது. குறிப்பிட்ட நேரத்துக்கு வேறு யாரும் பணம் போடாவிட்டால், கடைசியாகப் போட்டவருக்குப் பரிசு. 1,100 ஈதர் சேர்ந்து ஒருவர் ஜெயித்தும்விட்டார். பரிசு கொடுக்கும் ஃபங்ஷன், கூடவே பங்கேற்பாளர்களின் அரேகளையும் காலி செய்யும்படி எழுதப்பட்டிருந்தது. பட்டியல் நீண்டுபோனதில் அதற்கு 50,57,945 கேஸ் தேவைப்பட்டது. அன்று ஒரு டிரான்சாக்ஷனுக்குக் கிடைத்த உச்சம் 47,12,388. ஜெயித்தவர் கையில் பணம் வராமல் நின்றது. யாரும் திருடவில்லை, யாரும் ஹேக் செய்யவில்லை. பட்டியலைக் காலி செய்யும் சாதுவான வரிகள்தான் காரணம்.

"டிலீட் செய்தால் கேஸ் திரும்பக் கிடைக்குமே" என்பார்கள். கிடைக்கும், ஒரு ஸ்லாட்டுக்கு 4,800. ஆனால் 2021 ஆகஸ்டில் வந்த லண்டன் மேம்பாட்டுக்குப் பிறகு, செலவான கேஸில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் திரும்பாது. அதுவும் டிரான்சாக்ஷன் முடிந்த பிறகுதான் வரும். முடிக்கவே கேஸ் போதவில்லை என்றால் திரும்ப வருவதைப் பற்றிப் பேசி என்ன பயன்?

பட்டியல் எவ்வளவு நீளம் வரை போகலாம்?

2025 டிசம்பரில் வந்த ஃபுசாக்கா மேம்பாட்டிலிருந்து எதீரியத்தில் ஒரு டிரான்சாக்ஷனுக்கு 1,67,77,216 கேஸ்தான் உச்சவரம்பு. ஸ்லாட் ஒன்றைப் படிக்க 2,100 என்று வைத்தால், வேறு எதுவுமே செய்யாமல் படித்துக்கொண்டே போனாலும் எட்டாயிரத்துக்குள் முடிந்துவிடும். 0 ஆக்க 5,000 என்றால் சுமார் 3,350 ஸ்லாட். நிஜக் கோடில் இதில் பாதிகூட வராது.

நான் இந்த எண்ணிக்கையை விட வேறு இரண்டு கேள்விகளையே முக்கியமாக நினைக்கிறேன். பட்டியலை நீட்டுவது யார்? அதைச் சுற்றிவரக் காசு கொடுப்பது யார்? இரண்டும் ஒரே ஆள் என்றால் பெரிதாகக் கவலை இல்லை. தன் பட்டியலைத் தானே நீட்டித் தானே அவதிப்படுவார். வேறு வேறு ஆள் என்றால் பிரச்சினை ஆரம்பம். நம் வைப்புக் கான்ட்ராக்ட்டில் "இன்னொருவர் பெயரில் வைப்புப் போடலாம்" என்று ஒரு வசதி சேர்த்ததாக நினைத்துப் பாருங்கள். வேண்டாத ஒருவர் 1 வெய், 1 வெய்யாக உங்கள் பட்டியலில் ஆயிரக்கணக்கில் திணிக்கலாம். பணம் எடுக்கும் ஃபங்ஷன் பட்டியல் முழுவதையும் கூட்டிப் பார்ப்பதாக இருந்தால், உங்கள் பணம் உள்ளேயே சிக்கிவிடும். ஒரு வைப்புக்குக் குறைந்தபட்சத் தொகை, ஒரு முகவரிக்கு அதிகபட்ச எண்ணிக்கை, எடுக்கும்போது "இந்த இன்டெக்ஸிலிருந்து இத்தனை" என்று கேட்பது, இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

பின்னாலிருந்து முன்னே வரும் லூப் ஏன் ரிவர்ட் ஆகிறது?

ஐ >= 0 என்று நிபந்தனை எழுதியிருப்பீர்கள். யுஇன்ட்டுக்கு அது எப்போதும் உண்மை. 0-விலிருந்து ஒன்று குறைக்கும்போது 0.8 வரிசை விடாது. பேனிக் ஹெக்ஸ் 11. நீளத்திலிருந்து ஆரம்பித்து ஐ > 0 என்று வைத்து, உள்ளே ஐ - 1-ஐ இன்டெக்ஸாகப் பயன்படுத்துங்கள்.

பழைய பாடத்தில் லெங்த்-- என்று எழுதியிருக்கிறார்கள். இப்போது கம்பைல் ஆகவில்லையே?

0.6.0 பதிப்பிலிருந்து லெங்த் படிக்க மட்டும்தான். நல்ல முடிவு. முன்பு காலி அரேயில் லெங்த்-- செய்தால், 0-விலிருந்து ஒன்று குறைந்து நீளம் சாத்தியமான மிகப் பெரிய எண்ணாகிவிடும். அப்புறம் எந்த இன்டெக்ஸும் வரம்புக்குள்தான். ஸ்டோரேஜ் முழுவதுமே அந்த அரேக்குள் அடங்கிவிடுவதால், சரியான இன்டெக்ஸைக் கணக்குப் போட்டால் கான்ட்ராக்ட்டின் உரிமையாளர் இருக்கும் ஸ்லாட்டைக்கூட மாற்றி எழுதலாம். எதர்நாட் பயிற்சித் தளத்தில் ஏலியன் கோடெக்ஸ் என்ற நிலை இதை வைத்துத்தான். மேலே சொன்ன ஹாஷ் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

ஸ்ட்ரக்ட் அரேயை மொத்தமாக மேப்பிங்கில் போட முடியவில்லை.

மெமரியில் உள்ள ஸ்ட்ரக்ட் அரேயை அப்படியே ஸ்டோரேஜுக்கு ஒதுக்க, கம்பைலரின் வழக்கமான பாதையில் ஆதரவு இல்லை. லூப் போட்டு ஒவ்வொன்றாகப் புஷ் செய்யுங்கள். ஐஆர் என்ற இடைநிலை வடிவம் வழியாகக் கம்பைல் செய்யும் தெரிவைப் போட்டாலும் வேலை செய்யும். ஸ்டோரேஜில் உள்ள ஸ்ட்ரக்ட் அரேயில், ஸ்ட்ரக்ட்டுக்குள் மேப்பிங் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: அரேயை டிலீட் செய்தாலும் உள்ளே இருந்த மேப்பிங் அழியாது. பிறகு புதிதாகப் புஷ் செய்தவருக்கு முந்தையவரின் கணக்கு தெரியும்.

எனக்கு உண்மையிலேயே அரே தேவையா?

பாதி நேரம் தேவையில்லை. இணையப் பக்கத்தில் "உங்கள் வைப்புகள்" என்று வரலாறு காட்டுவதற்காக மட்டும் அரே வைத்திருக்கிறீர்கள் என்றால், ஈவென்ட் (கான்ட்ராக்ட் வெளியிடும் பதிவுக் குறிப்பு) போதும். ஈவென்டுக்கு அடிப்படை 375, தேட உதவும் குறிச்சொல்லான டாபிக் ஒன்றுக்கு 375, தரவுக்கு பைட் ஒன்றுக்கு 8 கேஸ். முகவரியை டாபிக்காகவும் தொகையைத் தரவாகவும் வெளியிட்டால், ஈவென்டின் பெயருக்கான டாபிக்கையும் சேர்த்து 1,381. அரேயில் புஷ் செய்ய 27,100 ஆனதை நினைவில் வையுங்கள். கான்ட்ராக்ட்டால் ஈவென்டைத் திரும்பப் படிக்க முடியாது என்பது ஒன்றுதான் குறை. நம் வைப்புக் கான்ட்ராக்ட் பணத்தைத் திருப்பித் தரப் படிக்க வேண்டியது மொத்தத் தொகையை மட்டும். அதற்கு முகவரியிலிருந்து ஒரே ஓர் எண்ணுக்கு ஒரு மேப்பிங், கூடவே ஓர் ஈவென்ட் போதும். ஒவ்வொரு வைப்புக்கும் தனி முதிர்வு நாள் உண்டு என்றால் மட்டும் அரேயை வைத்துக்கொள்ளுங்கள்.